கொட்டியாரத்தில் விறகு சேமித்தல்: ஒரு வரலாற்று நோக்கு

நெல்லைச் சேமித்தற்குக் களஞ்சியமும், நீரைச் சேமித்தற்குக் குளமும் கண்ட மக்கள், நெருப்பைச் சேமித்தற்குக் கண்ட அமைப்பு விறகடுக்கு ஆகும். முன்னைய இரண்டும் வரலாற்று நூல்களில் உரிய இடம் பெற்றுள்ளன. குளங் கட்டுவித்த மன்னரின் பெயர்கள் கல்லிலும் ஏட்டிலும் நிலைத்துள்ளன. களஞ்சியத்துக்கு இறுக்கப்பட்ட வரியின் கணக்குகளும் எஞ்சியுள்ளன. விறகடுக்கோ கோடையில் எழுந்து மாரியில் எரிந்து மறைவது. அதனை அடுக்கியோர் பெயரை எவரும் பொறித்து வைத்திலர். எனினும், அரிசியும் நீரும் நெருப்பொடு கூடியவழி அன்றிச் சோறு ஆதல் இல்லை. ஆதலின், நெருப்பின் சேமிப்பை விலக்கி எழுதப்படும் குடிவாழ்க்கை வரலாறு குறையுடையதே.

இச் சேமிப்பின் வரலாற்றை ஆராய்தற்குத் திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரப்பற்று சிறந்த நிலைக்களமாகும். மூதூர், தோப்பூர் முதலிய ஊர்கள் இப்பற்றில் அடங்கியவை. தோப்பூர், மூதூரிலிருந்து மட்டக்களப்பு நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையினராய் வாழும் இவ்வூரைச் சூழத் தமிழ்க் கிராமங்கள் பல உள. வடக்கே மகாவலிகங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடா. அதற்கு அப்பால் உலகப் புகழ் வாய்ந்த திருகோணமலைத் துறைமுகம். அத் துறைமுகத்தில் பேரரசு ஒன்று தன் கப்பல்களுக்கு எரிபொருளைக் குவித்து வைத்தது. இப்பற்றின் குடிமக்கள் தம் அடுப்புக்கு எரிபொருளை அடுக்கி வைத்தனர். சேமிப்பு எனும் ஒரே தொழில் இத்துணை வேறுபட்ட இரு அளவுகளில், இத்துணை அண்மையில் நிகழ்ந்த இடங்கள் இலங்கையில் வேறு இல்லை எனலாம்.

இங்கு விறகு சேமித்தலை இன்றியமையாததாக்கியது காலநிலையே. திருகோணமலையின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் மூன்றில் இரு பங்களவு ஐப்பசி தொடங்கித் தை ஈறாகவுள்ள நான்கு திங்களுக்குள் பெய்துவிடுகின்றது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வறண்டு வீசும். அக்காலத்தில் வெட்டிய மரம் வெட்டிய இடத்திலேயே உலரத் தொடங்கும். மாரி பிறந்தபின் நிலைமை முற்றும் மாறிவிடும். காட்டுப் பாதைகள் சேறாகும், ஆறுகள் பெருகும், நிலத்திற் கிடக்கும் சுள்ளியும் நீர் ஊறி அடுப்புக்கு உதவாது போகும். எனவே, நான்கு திங்கள் எரிப்பதற்கு வேண்டிய விறகு, மழைக்கு முன்னரே முற்றத்தில் உலர்ந்து நிற்றல் வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் எனும் பழமொழி களத்து நெல்லுக்கு மட்டுமன்றி முற்றத்து விறகுக்கும் பொருந்துவதாகும்.

தமிழ் இலக்கியத்தில் விறகும் நெருப்பும் இருவகைப் பயனுக்கு உரியனவாகக் கூறப்படுகின்றன. ஒன்று சமைத்தல், மற்றையது குளிர்காய்தல். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க்காலத்து வாடையில் நடுங்கும் கோவலர் கொள்ளி நெருப்பைக் கொண்டு குளிர்காய்தலையும், நகரத்து மனைகளில் அகன்ற வாயையுடைய தடவில் இட்ட நெருப்பைச் சூழ்ந்து மக்கள் வெம்மை பெறுதலையும் காட்டுகின்றது. தடவு, கணப்பு, குமுட்டி என வழங்கும் சொற்களே, வெப்பநாட்டார் எனப்படும் தமிழரும் வீட்டை வெம்மைப்படுத்தும் வழக்கத்தை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். விறகு விற்றல் ஒரு தனித் தொழிலாக நகரங்களில் நிலைபெற்றிருந்தமையைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து விறகு விற்ற படலம் உணர்த்துகின்றது. பாணபத்திரன் பொருட்டு இறைவன் மேற்கொண்ட கோலம் மன்னர் கோலம் அன்று. மதுரைத் தெருக்களில் விறகு சுமந்து விற்கும் எளியவன் கோலமே. சோழர் காலத்துக் கோயிற் சாசனங்களில் திருவமுதுக்குரிய அரிசி, நெய், தயிர் ஆகியவற்றொடு விறகுக்கும் நெல் அளக்கப்பட்டது. ஆயின், விற்ற விறகும் அளந்த விறகும் எழுத்தில் ஏறிய அளவுக்கு, அடுக்கிக் காத்த விறகு ஏறவில்லை.

அடுக்கிக் காத்தலின் அருமையை உணர்தற்கு மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராக இருத்தல் கூடும். முற்றாக உலர்ந்த மரம் ஒரு கிலோ எரியுமாயின் ஏறத்தாழ 4,500 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். அம்மரத்தின் அகத்தே உள்ள நீர் ஒரு கிலோவை ஆவியாக்கி அகற்றுதற்கோ ஏறத்தாழ 620 கிலோகலோரி செலவாகும். எனவே, பாதி நீருடைய பச்சை விறகு ஒரு கிலோ, நீரை அகற்றும் செலவு போகத் தருவது ஏறத்தாழ 1,900 கிலோகலோரி. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் நீருடைய உலர்ந்த விறகு ஒரு கிலோ தருவது ஏறத்தாழ 3,500 கிலோகலோரி. இக்கணக்கும் முழு உண்மையைக் கூறுவதன்று. ஈர விறகின் அடுப்பில் வெப்பநிலை தாழ்வதால், மரத்திலிருந்து எழும் வாயுக்கள் எரியாது புகையாகவே வெளியேறும். அவ்வாறு வெளியேறும் புகை, வீணாகிய எரிபொருளேயன்றி வேறன்று. வெட்டியவன் மரத்தையே கொண்டுவருகின்றான். அதனை விறகாக்குவது காற்றும் வெயிலும் காலமும் ஆகும். இம் மூன்றும் தம் தொழிலைச் செய்தற்கு வகுக்கப்பட்ட ஒழுங்கே அடுக்கு.

நன்கு அமைந்த அடுக்குக்குச் சில விதிகள் உள. முதலாவது, விறகு நிலத்தைத் தொடுதல் ஆகாது. கற்களையோ தடித்த கட்டைகளையோ இட்டு, அவற்றின்மேல் இரண்டு நீண்ட கம்புகளைக் கிடத்தி, ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் தளம் அமைத்தல் வேண்டும். இதனால் நிலத்தின் ஈரம் மேலேறாது. கறையான் ஏறுவதும் எளிதிற் கண்ணுக்குப் புலனாகும். இரண்டாவது, பருமனான கட்டைகளைப் பிளந்த பின்னரே அடுக்குதல் வேண்டும். மரத்தின் நீர் பட்டை வழியாக அரிதாகவும், வெட்டுவாய் வழியாக எளிதாகவும் வெளியேறுவது. பிளவு மிகுந்தால் நீர் கழியும் முகமும் மிகும். மூன்றாவது, இரு முனைகளிலும் உறுதியான கால்களை நாட்டுதல் வேண்டும். அன்றேல் முனைகளில் விறகைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கித் தூண்போல் எழுப்புதல் வேண்டும். நான்காவது, அடுக்கின் ஆழம் ஒரு விறகின் நீளத்தளவே இருத்தல் நன்று. பல வரிசைகளை நெருக்கிக் குவித்தால் நடுவிலுள்ள விறகு காற்றுப் படாது பூஞ்சணம் பிடிக்கும். ஐந்தாவது, மேற்புறத்துக்கு மட்டும் கிடுகோ ஓலையோ தகரமோ இட்டு, பக்கங்களைத் திறந்து விடல் வேண்டும். நாற்புறமும் மூடிய விறகு மழைக்குத் தப்பினும் தன் ஈரத்துக்குத் தப்புவதில்லை.

பழைய வீடுகளில் வெளியடுக்கொடு உள்ளடுக்கும் இருந்தது. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் அடுத்த சில நாட்களுக்குரிய விறகு கிடக்கும். கீழே எரியும் நெருப்பு மேலேயுள்ள விறகின் எஞ்சிய ஈரத்தை வாங்கிவிடும். முற்றத்து அடுக்கு பல திங்களில் செய்யும் பணியைப் பரண் சில நாட்களில் நிறைவு செய்யும். பழைய விறகு முன்னும் புதிய விறகு பின்னுமாக எடுத்தாளும் முறைமை தவறாது கடைப்பிடிக்கப்படின், எந்நாளும் ஈர விறகு அடுப்புக்குச் செல்லாது. இது சிறிய செயலாகத் தோன்றினும், வரவும் செலவும் இருப்பும் காலமும் கணக்கிட்டு நடத்தும் ஆட்சியே ஆகும். அவ்வாட்சி பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது.

பிற நாடுகளிலும் இக்கலை போற்றப்படுகின்றது. குளிர் மிகுந்த நோர்வேயில் உணவுக்கு அன்றி, வீட்டை வெம்மைப்படுத்துதற்கே விறகு பெரிதும் சேமிக்கப்படுகின்றது. அந்நாட்டு எழுத்தாளர் லார்ஸ் மிட்டிங் விறகு வெட்டுதல், அடுக்குதல், உலர்த்துதல் பற்றி 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 2013ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைக்காட்சி இப்பொருள் பற்றிப் பன்னிரண்டு மணி நேர நிகழ்ச்சியை ஒளிபரப்பியபோது, பட்டை மேல்நோக்க அடுக்குவதா கீழ்நோக்க அடுக்குவதா என்பது பற்றியே பார்த்தோரிடையே பெரும் வழக்கு எழுந்தது. இலங்கையிலும் குளிர்காய்தற்கு விறகு அடுக்கும் இடம் உண்டு. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தோட்டத் துரைமார் கட்டிய பங்களாக்களில் கணப்படுப்புக்கள் அமைந்தன. தேயிலைத் தொழிற்சாலைகளும் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வேண்டிய வெப்பத்தின் பொருட்டு யூக்கலிப்டஸ், இறப்பர் முதலிய மரங்களின் விறகைப் பெருமளவில் அடுக்கி உலர்த்தி வந்துள்ளன. நோர்வேயில் அடுக்கு பனிக்கு எதிரான காப்பு. மலைநாட்டில் அது குளிருக்கும் தொழிலுக்கும் துணை. கொட்டியாரத்தில் அது மாரிக்கால உணவுக்குப் பிணை. பயன் வேறுபடினும் விதி ஒன்றே.

விறகு விலைப்பொருளாகுமிடத்து அடுக்கு அளவுகோலும் ஆகின்றது. அமெரிக்க நாட்டில் விறகு ‘கோர்டு’ எனும் அளவால் விற்கப்படும். நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம், எட்டு அடி நீளம் உடைய அடுக்கு ஒரு கோர்டு. அஃதாவது 128 கன அடி. அதனுள் இடைவெளி போக மரம் எவ்வளவு என்பது அடுக்கியவன் நேர்மையைப் பொறுத்தது. இலங்கையில் அந்தர் எனும் நிறையளவு பெரிதும் வழங்கியது. ஓர் அந்தர் 112 இறாத்தல். நிறுத்து விற்குமிடத்து இடைவெளியால் ஏமாற்ற இயலாது; ஆயின் ஈரத்தால் ஏமாற்ற இயலும். பாதி நீருடைய பச்சை விறகு ஓர் அந்தர் வாங்குவோர் 56 இறாத்தல் நீருக்கும் விலை கொடுத்தோராவர். விறகுகாலையில் மலிந்த விலையில் கோடை விறகை வாங்கித் தம் முற்றத்தில் அடுக்க வல்ல குடும்பம் இவ்விழப்பினின்றும் தப்பும். அன்றாடம் ஒரு கட்டு வாங்கி அன்றாடம் எரிக்கும் ஏழைக் குடும்பமே மாரியில் நீரை விலைக்கு வாங்கும். சேமித்தற்கு இடமும் முற்பணமும் இல்லாமை வறுமையை மேலும் வறுமையாக்கும் வழிகளுள் இஃது ஒன்று.

இனி, கொட்டியாரத்தின் வரலாற்றைக் குடாவின் பக்கமிருந்து நோக்குதல் தகும். பாய்க்கப்பற் காலத்தில் நெடுந்தூரம் ஓடும் மரக்கலங்கள் துறைகளை நாடியது வாணிகத்துக்கு மட்டும் அன்று. நன்னீர், விறகு, பழுது நீக்க மரம் ஆகியவற்றுக்கும் ஆகும். பேராறு கலப்பதும் காடு சூழ்ந்ததுமாகிய கொட்டியாரக் குடா இம்மூன்றுக்கும் ஏற்றது. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த ‘ஆன்’ எனும் ஆங்கிலக் கப்பல், பழுது நீக்குதற்கென இக்குடாவுக்கு வந்தது. கரையிறங்கிய அதன் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் 1660ஆம் ஆண்டில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் 1679ஆம் ஆண்டில் தப்பியோடி, 1681ஆம் ஆண்டில் இலண்டனில் இலங்கை பற்றிய தம் நூலை வெளியிட்டார். கண்டி இராச்சியத்துக் குடிமக்களின் வீடுகளிற் புகைபோக்கி இல்லை என்றும், வீட்டின் ஒரு மூலையில் நெருப்பு மூட்டப்படுவதால் கூரை புகையாற் கறுத்திருக்கும் என்றும் அவர் அதிற் குறித்துள்ளார். பாய்மரத்துக்கு மரம் தேடி வந்த கப்பலின் மகன், அடுப்புப் புகையை எழுத்தில் ஏற்றியமை வரலாற்றின் வியத்தகு நிகழ்ச்சியே. ஆயின், அப்புகையின் அளவு விறகின் ஈரத்தைப் பொறுத்தது என்பதும், கூரையைக் கறுப்பாக்கிய அதே புகை கீழிருந்து மூச்சுவிட்டோரின் நெஞ்சையும் கறுப்பாக்கியது என்பதும் அந்நாளில் எவராலும் எழுதப்படவில்லை.

திருகோணமலைக் காடுகள் விறகுக்கு மட்டும் உரியன அல்ல. பாலை, வீரை, முதிரை, கருங்காலி, சாவண்டலை முதலிய பெருமரங்கள் அவற்றில் வளர்ந்தன. சாவண்டலை மரம் சென்னைக்கு ஏற்றுமதியாகி ஆங்கே ‘திருகோணமலை மரம்’ எனும் பெயராலேயே அறியப்பட்டது. 1795ஆம் ஆண்டில் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டைப் படிப்படியாக அரசுடைமையாக்கினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டுநிலம் அரசுக்குரியது எனக் கொண்டது. காடுகளின் நிலை பற்றி வின்சென்ற் என்பார் அளித்த அறிக்கை 1883ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1885ஆம் ஆண்டில் வனச் சட்டமும், 1887ஆம் ஆண்டில் வனத் திணைக்களமும் தோன்றின. 1907ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை மேலும் ஒழுங்குபடுத்தியது.

இச்சட்டங்களால் விளைந்த நன்மையை மறுத்தல் இயலாது. மேற்பார்வையின்றி வெட்டப்பட்ட பெருமரங்கள் பல காக்கப்பட்டன. எனினும், குடிமக்கள் பக்கமிருந்து நோக்குவார்க்கு வேறொன்றும் புலப்படும். தலைமுறை தலைமுறையாகக் காட்டிற் பெறப்பட்ட பொருள் அனுமதிக்கு உட்பட்ட பொருளாயிற்று. கருங்காலிக்கும் முதிரைக்கும் காவல் வேண்டும் என்பது தெளிவு. ஆயின், பட்ட கிளையையும் சுள்ளியையும் தலைச்சுமையாகக் கொண்டுவருவோருக்கும் பெருமரம் வெட்டி வண்டிலில் ஏற்றுவோருக்கும் உள்ள வேறுபாடு, சட்டத்தின் கண்ணுக்கு எப்பொழுதும் எளிதிற் புலனாகியதில்லை. வயதான குடிகள் கோடையில் ஒரே முறையாகப் பெருமளவு விறகு கொணர்ந்து அடுக்கும் முறைக்கும் இது தடையாயிற்று. சிறிது சிறிதாகக் கொணரப்படும் விறகு சிறிது சிறிதாகவே எரிக்கப்படும். அது உலர்தற்குக் காலம் வாய்ப்பதில்லை.

காட்டுக்குச் சட்டம் வகுத்த அதே அரசு, துறைமுகத்தில் தன் எரிபொருளை வேறு வகையிற் சேமித்தது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் விறகுக்குப் பதில் நிலக்கரி துறைகளிற் குவிக்கப்பட்டது. கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியபோது, சீனக்குடாவில் 1920களிலும் 1930களிலும் ஏறத்தாழ 100 பெருந் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ள வல்லது. 1927ஆம் ஆண்டில் புகையிரதப் பாதையும் திருகோணமலையை எட்டியது. சேமித்த எரிபொருள் பகைவரின் இலக்காகும் என்பது போர்நூல் விதி. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது எண்ணெய்த் தாங்கியும் தீப்பற்றியது. 1957ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை திருகோணமலையை விட்டு நீங்கிற்று. தாங்கிகள் நின்றன, அவற்றுட் பல நெடுங்காலம் பயன்பாடின்றிக் காட்டினுள் மறைந்து கிடந்தன.

பேரரசின் எண்ணெய்ச் சேமிப்பால் குடாவின் தென்பாலிருந்த ஊர்களின் அடுப்புக்கள் மாறவில்லை. அதற்கு ஒரு காரணம் போக்குவரத்து. அக்காலத்தில் திருகோணமலையிலிருந்து மூதூர் செல்வோர் படகேற வேண்டியிருந்தது. தரைவழிச் செல்வோரும் ஆற்றுத்துறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாவிற் பெரும் பாலம் 2009ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அதுவரை மண்ணெண்ணெயோ எரிவாயுவோ இப்பகுதியை அடைவது படகின் வசதியையும் கடலின் நிலையையும் பொறுத்திருந்தது. முற்றத்தில் அடுக்கிய விறகு எவ்விதத் துறைக்கும் காத்திராது.

ஆயின், அவ்வடுக்கும் அமைதிக்காலத்துக்கே உரியது என்பதைப் போர் உணர்த்தியது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் காடு செல்லுதல் உயிருக்கு இடர் விளைக்கும் செயலாயிற்று. வீட்டைச் சூழவுள்ள தென்னையின் மட்டையும் பாளையும் பொச்சும் சிரட்டையுமே பலருக்கு எரிபொருளாயின. 2006ஆம் ஆண்டு யூலையில் மாவிலாற்று மதகு பற்றிய பிணக்கு போராக மூண்டது. ஆகஸ்டு மாதத்தில் மூதூர், தோப்பூர்ப் பகுதி மக்கள் பல்லாயிரவர் தம் இல்லங்களை விட்டுக் கந்தளாய் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். இடம்பெயரும் குடும்பம் நகையை எடுத்துச் செல்லும். பத்திரங்களை எடுத்துச் செல்லும். இயன்றால் அரிசியும் எடுத்துச் செல்லும். விறகடுக்கை எடுத்துச் செல்வார் இல்லை. அது பெயர்ந்தது கோடையின் இறுதி. மாரிக்குரிய விறகு முற்றங்களில் உலரும் காலம். கூடாரத்தில் வாழ்வோர்க்கு அரிசி வழங்குதல் எளிது. அதனைச் சமைக்கும் நெருப்பை வழங்குதலே அரிது. நிவாரண வரலாறு எழுதுவோர் இதனை மறத்தலாகாது.

போர் முடிந்தபின் எரிவாயு பல வீடுகளுக்கு வந்தது. எனினும், 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை சமையலுக்கு விறகையே முதன்மையாகப் பயன்படுத்தின. பின்னர் 2022ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடி நேர்ந்தது. எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாது மக்கள் நெடுவரிசைகளில் நின்றனர். எரிவாயு அடுப்பையே அறிந்த நகரத்துக் குடும்பங்களும் விறகுக்குத் திரும்பின. அவ்வாண்டு ஜனவரியில் சீனக்குடாத் தாங்கிகளின் எதிர்காலம் பற்றி இலங்கை, இந்திய நிறுவனங்களிடையே உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது; சில திங்களுக்குள் அதே மாவட்டத்து அடுப்புக்கள் எண்ணெயும் வாயுவும் இன்றி நின்றன. பெருந்தாங்கி வெற்றிடமாய் நிற்க, சிறு விறகடுக்கு வீட்டைக் காத்தது என்பது அந்த ஆண்டின் பாடம்.

அந்த ஆண்டில் வேறொரு குறையும் வெளிப்பட்டது. விறகுக்குத் திரும்பியோர் பலர்க்கு விறகு கிடைத்தது. அதனை அடுக்கும் அறிவு கிடைக்கவில்லை. பச்சையாக வாங்கிப் பச்சையாகவே எரித்த வீடுகளில் புகை சூழ்ந்தது. இது வெறும் இடையூறு அன்று. வீட்டினுள் எழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அப்புகையை மிகுதியும் சுவாசிப்போர் அடுப்பின் அருகிருக்கும் பெண்களும் அவர் மடியிலிருக்கும் குழந்தைகளும் ஆவர். இலங்கையில் 1980களில் உருவாகிய ‘அனகி’ எனும் இருவாய்க் களிமண் அடுப்பு விறகின் செலவைக் குறைத்தது. ஆயினும், எத்துணைச் சிறந்த அடுப்பும் ஈர விறகைத் திருத்த வல்லதன்று. உலர்ந்த விறகு புகையை முற்றாக நீக்காது, பெரிதும் குறைக்கும். அதற்கு வேண்டுவன நான்கு கற்கள், இரண்டு கம்புகள், ஒரு கூரை, ஒரு கோடை ஆகியவையே. வேறெந்தத் திருத்தமும் இத்துணைக் குறைந்த செலவில் இத்துணைப் பயன் தருவதில்லை.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். எரிபொருளின் வரலாறு காட்டில் வெட்டியதன் வரலாறும் துறையில் இறக்கியதன் வரலாறும் மட்டும் அன்று; வெட்டியதற்கும் எரித்ததற்கும் இடையே காத்திருந்ததன் வரலாறும் ஆகும். அவ்விடைக்காலத்தை ஒழுங்குபடுத்த வல்ல குடும்பம் குறைந்த விறகால் நிறைந்த உணவு சமைத்தது. காட்டிலும் குறைவாக வெட்டியது. தன் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் ஓரளவு காத்தது. அதற்கு வேண்டிய இடமும் முற்பணமும் அமைதியும் அனுமதியும் வாய்க்காத குடும்பம் இம்மூன்றையும் இழந்தது. வேனிலில் பட்ட மரத்தையும் கிளையையும் குடிமக்கள் ஒரே முறையாகக் கொணர்ந்து சேமிக்க வழி செய்தலும், ஊர்தோறும் கோடையில் விறகு வாங்கி உலர்த்தி மாரியில் நியாய விலைக்கு வழங்கும் பொது அடுக்குகளை நிறுவுதலும் கூட்டுறவுச் சங்கங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை அல்ல. மாணவர்க்கு வெப்பத்தையும் ஆவியாதலையும் கற்பிக்கும் ஆசிரியர், வகுப்பறைக்கு வெளியே நிற்கும் ஒரு விறகடுக்கைக் காட்டிக் கற்பிப்பாராயின், பாடமும் விளங்கும், வீடும் பயன்பெறும்.

சீனக்குடாத் தாங்கிகளைக் கட்டிய பேரரசு நீங்கிவிட்டது. அத் தாங்கிகளின் கணக்கு ஏடுகளில் உள்ளது. கொட்டியாரத்து முற்றங்களில் அடுக்கப்பட்ட விறகின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. உண்டு வளர்ந்த தலைமுறைகளே அதற்குச் சான்று.